தண்ணீர் ஏறிய வருஷம்

கழியை ஊன்றியபோதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. இடுப்பளவுத் தண்ணீர்.

இந்த ஆழத்தில் பூநாரை இறங்காது.

இருந்தும் படகைத் திருப்பவில்லை.

எதிர்ப் பலகையில் அந்த அம்மா இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். படகில் ஏறுவது இதுதான் முதல் தடவை. கழுத்தில் மகனுடைய பைனாகுலர்.

மகன் பெயர் வேடியப்பன். பறவைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தவன். போன இரண்டு பனிக்காலமும் இந்தப் படகில்தான் பழவேற்காடு ஏரியைச் சுற்றினான். அடுத்த தையில் அம்மாவைக் கூட்டிவந்து பூநாரை காட்டப் போவதாகச் சொல்லிக்கொண்டே இருப்பான்.

ஐப்பசியில் காய்ச்சல் கண்டது. ஐந்தே நாள்.

தை பிறந்தது. அவள் தனியாக பஸ் ஏறி வந்துவிட்டாள்.

பறவைகள் வழக்கமாக மேயும் திட்டுக்குப் படகை விட்டான். அடைமழையில் திட்டே முழுகிக் கிடந்தது. வடக்கே போனான். அங்கும் தண்ணீர்தான். வெயில் ஏறியது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பான்.

தூரத்தில், கோரையை ஒட்டி, வெள்ளையாக ஒன்று நின்றது. நீளக் கழுத்து.

கொக்கு.

பைனாகுலரைக் கேட்டு வாங்கினான். சரிசெய்வதுபோல நடுவில் இருந்த சக்கரத்தைத் திருகினான். எல்லாம் புகையாக மங்கும்வரை திருகித் திருப்பிக் கொடுத்தான்.

"அதோ நிக்குது பாருங்கம்மா, பூநாரை. வேடி அதத்தான் பாத்துனே இருப்பான்."

அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு பைனாகுலரை இறக்கிவிட்டு, நெற்றியில் கையை வைத்து வெறுங்கண்ணால் பார்த்தாள்.

அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அழகா இருக்குப்பா."

படகைக் கரைக்குத் திருப்பினான்.

கைகொடுத்து இறக்கிவிட்டான். நனைந்த புடவைக் கரையைக் குனிந்து பிழிந்தபடியே அவள் சொன்னாள்:

"எங்க கழனியில டிராக்டர் ஓட்டினா பின்னாடியே நடந்து வரும் அது. பயமே கெடையாது அதுக்கு."

அவனுக்கு முகம் எரிந்தது. பொய் சொன்னதற்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தான். அவள் அதை எதிர்பார்த்து நின்றதாகத் தெரியவில்லை. படகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் எங்கப்பா உக்காருவான், இதுல?"

முனையைக் காட்டினான். பலகைகூட இல்லாத இடம். சுருட்டிய வலைமேல்தான் உட்காருவான்.

அவள் அந்த இடத்தைப் பார்த்தாள்.

"நாளைக்கு நான் அங்க உக்காந்துக்கறேன்."