கை பொறுக்கும் சூடு

மாவு மில்லின் ஒற்றை ஜன்னல் வழியாக விழும் மதிய வெயிலில் மாவுத்தூள் மிதக்கிறது. கணவர் இறந்து பதினோரு நாள் கழித்து இன்றுதான் மில்காரம்மா கதவைத் திறந்திருக்கிறாள். சுவரிலுள்ள வோல்ட்மீட்டரில் நானூற்றைத் தாண்டி நிற்க வேண்டிய முள் முந்நூற்றிலேயே தள்ளாடுகிறது. மோட்டார் சுழல்வதைவிட அதிகமாக உறுமுகிறது. பெல்ட் சோர்ந்து சோர்ந்து சுற்ற, கோதுமை மாவு விட்டுவிட்டு விழுகிறது. சூடு ஏறுகிறதா என்று பார்க்க, கணவர் செய்வதுபோல அவளும் மோட்டாரின் முதுகில் உள்ளங்கையை வைக்கிறாள். வைத்த கையை எடுக்கவே இல்லை.

மோட்டாருக்குள் கம்பிச்சுருளின் வார்னிஷ் தீயும் வாடை வாசல்வரை வந்துவிட, வெளியே மூட்டை இறக்கிக்கொண்டிருந்த கொழுந்தன் உள்ளே ஓடி வருகிறான். “அண்ணி, நிறுத்துங்க! கரண்டு கம்மியா வந்தா மோட்டார் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இழுக்கும். உள்ளே காயில் கருகிடும்!”

“கை பொறுக்குதே தம்பி,” என்கிறாள். “கை பொறுக்கிற வரைக்கும் ஓட்டலாம்னுதானே உங்கண்ணன் சொல்லுவாரு.”

அவன் மோட்டாரைத் தொட்டதுமே விரல்களை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறான். சுவிட்சை அணைக்கிறான். உறுமல் அடங்குகிறது, பெல்ட் மட்டும் இரண்டு சுற்று சுற்றி நிற்கிறது. அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கிறான். உள்ளங்கை முழுவதும் சிவந்து, விரலடியில் கொப்புளம் எழும்பியிருக்கிறது.

“ஐயோ, வலிக்கலையா அண்ணி?”

“இல்லையே,” என்கிறாள்.

அவன் தண்ணீர் வாளியை இழுத்து அந்தக் கையை உள்ளே அமிழ்த்துகிறான். தண்ணீர் சில்லென்று இருக்கிறதா என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. அழுவது அவன்தான்.