எட்டிக்கூடப் பார்க்கல

பக்கத்துக் கட்டில் கிளாராவுக்கு இது நாலாவது ஹார்லிக்ஸ் பாட்டில். கனகத்தின் மேஜையில் ஃப்ளாஸ்க் மட்டும்தான்.

ரெண்டு பேருக்குமே நேற்றுதான் பித்தப்பை ஆபரேஷன்.

"அச்சோ, எப்படி இளைச்சுட்டா பாரு என் தங்கம்!" கிளாராவின் அத்தை லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டே அவள் கன்னத்தில் முத்தம் வைத்தாள்.

கனகம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தையல் வலித்தது. அதைவிட வயிறு எரிந்தது.

"அந்தம்மாவுக்கு இன்னா கூட்டம் பார்த்தியாய்யா? கம்பெனில என் லைன்ல இத்தினி பேரு கீறாளுங்க. கம்பெனி பஸ்ஸு இப்டித்தான் போவுது. ஒருத்தியாச்சும் எட்டிப் பார்த்தாளா?"

புருஷன் நடேசன் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தான்.

"எல்லாம் அந்த மாரிசெல்வி வேலை. புதுசா வந்தவ, எனக்கு வரவேண்டிய லைன் லீடர் போஸ்ட்டைப் புடிச்சிக்கினா. இப்ப வர்றவங்களையும் தடுக்கிறா." மூக்கைச் சுருக்கி, தெற்கத்தி ராகத்தில் இழுத்தாள்: "'ஏட்டி, ஒருத்தியும் போவக் கூடாது! ஓவர்டைம் பாருங்கட்டி!'"

அச்சு அசல் அதே குரல். தையலைப் பிடித்துக்கொண்டு கிளாராவே சிரித்தாள்.

நடேசன் சிரிக்கவில்லை. "அவதான் தடுத்தா" என்றான்.

"சொன்னேன்ல! போனைக் குடு."

ஸ்பீக்கரில் போட்டுப் பாய்ந்தாள். "ஏன்டி, என்னைப் பார்க்க யாரும் போவக் கூடாதுன்னு நீயாடி சொன்னே?"

"ஆமாக்கா, நாந்தான்." தகர டப்பாவைச் சுரண்டுவது மாதிரி குரல். "பாதி லைனுக்குச் சளி. எனக்குத்தான் மொதல்ல வந்துச்சு. மயக்க மருந்து குடுத்தா, நீங்க முழிச்ச பொறவும் கிருமிய வெரட்டுத வெள்ளணு ரெண்டு மூணு நாளு மந்தமா கெடக்குமாம்லா? டாக்டர் சொன்னாருன்னு நடேசண்ணன் சொன்னாவ. அதான் ஒருத்தியையும் விடல."

கிளாராவின் அத்தை சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதை எங்கிட்ட சொன்னா இன்னாடி?"

"சொன்னா ஒடனே போனைப் போட்டு, எங்க கொரல்லயே பேசிச் சிரிப்பீங்க. தையல் தாங்குமாக்கா?"



"ஜன்னலாண்ட வா" என்று நடேசன் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனான்.

ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே மொத்த லைனும் கம்பெனி சட்டையும் மாஸ்க்குமாக நின்று கையாட்டியது. அவர்களிடமிருந்தும் தள்ளி, ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால், காதில் போனோடு ஒருத்தி இருமிக்கொண்டிருந்தாள்.

"நேத்து உன்னை ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கினு போனப்பவும் அங்கேயேதான் நின்னா" என்றான் நடேசன்.