வாசகர் கடிதம்

மகள் வீட்டுக்கு ஒரு நாள் போய்விட்டுக் கடத்தூர் திரும்பினால், ஜமீரின் டீக்கடையில் பேப்பர் இல்லை. நிறுத்திவிட்டானாம். காரணம் கேட்க அருள்நாதன் வாத்தியாருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. டீ ஆற்றுகிறவனிடம் என்ன பேச்சு?

ஆனால், அவர் ஆசிரியருக்கு எழுதிய கடிதம் எந்த நாளும் அச்சில் வரலாம். பார்த்தே ஆக வேண்டும்.

சலூனுக்குப் போனார். "ஷேவிங் பண்றவங்களுக்குத்தான் பேப்பர், சார்."

சேலம் பஸ் கண்டக்டரிடம் கேட்டார். "சினிமாப் பக்கம்தாங்க மிச்சம் இருக்குது. காசு குடுத்து வாங்கிக்கலாமே சார்?"

"பாதி குப்பை. அதுக்குக் காசு வேறயா?"

ஆறாம் நாள், சந்தையில் வாங்கிய கடலைப் பொட்டலத்தில் தன் பெயரைப் பார்த்தார். கடலையைப் பையில் கொட்டிக்கொண்டு நேராக ஜமீரிடம் போனார்.

"பாருய்யா, என் கடிதம்! இதோட அருமை உனக்கெங்க தெரியும்?"

"வந்த அன்னிக்கே படிச்சுட்டனுங்க சார். 'டீக்கடையில் ஓசிப் பேப்பர் படித்தே ஊர் சோம்பேறியாகிறது, கடைக்காரர்கள் பேப்பரை நிறுத்த வேண்டும்'னு எழுதியிருந்தீங்க. வாத்தியார் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு மறுநாளே நிறுத்திட்டேனுங்க."