இடது கன்னத்தில் ஒரு கட்டம்

குழந்தை பிறந்த வாரமே பெற்றோர் அதன் முகத்தைக் கட்டம் கட்டமாக வரைந்து பிளாக்செயின் என்னும் அழிக்க முடியாத கணினிப் பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும். அந்தப் படம்தான் ஆயுள் முழுக்க அடையாள அட்டை. பிறகு யாராலும் திருத்த முடியாது.

முதல் வேலையில் சேர சிங்கப்பூர் கிளம்பிய தமயந்தியை விமான நிலையத்தின் தானியங்கிக் கதவு மறித்து, குரல் கொடுத்தது: "இடது கன்னத்தில் கரும்புள்ளி இல்லை."

பதறிப்போய் அம்மாவை அழைத்தாள்.

"ஐயோ, அது நான் வச்ச திருஷ்டிப் பொட்டுடி! உன் படத்தை உலகமே பாக்குமேன்னு வச்சேன்."

"இன்னும் இருபது நிமிஷத்துல விமானம்மா!"

காவலுக்கு நின்ற பெண் சிரித்துக்கொண்டே கண்மை டப்பாவைத் திறந்தார். "கன்னத்தைக் காட்டும்மா. இன்னைக்கு நீ பதினோராவது ஆளு."

கதவு திறந்தது. தமயந்தி ஓடிப்போய் விமானத்தில் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையில் முறுக்கு மீசைக்காரர் ஒருவர், கன்னத்துப் பொட்டு கலையாமல் கவனமாக வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.