கடலுக்குள் ஒரு பரீட்சை

தோணி நடுக்கடலில் நின்றுவிட்டது. வீரபாகு மட்டும் விளிம்பைப் பிடித்த கையை எடுக்கவில்லை. முங்குகிறவர்களுக்குக் காற்று அனுப்ப அவன் காலேஜில் செய்த கைப்பம்பு முன்னால் இருந்தது.

"வெள்ளைக்காரன் மூட்டை கட்டிட்டான். இனி துறைமுகம் கட்டப்போறது நீங்கதாம்ல," என்றார் புரொபசர் செந்தில்வேல். "பேப்பர்ல நூறு வாங்கினா போதாது. பரீட்சை கடலுக்குள்ளதான்."

"எனக்கு நீச்சலே தெரியாது சார்."

தோணிக்காரர் கஸ்பார் சிரித்தார். "இங்கன முங்குதவன் இடுப்புல கட்டுன கயித்தை மச்சினன் கையிலதான் கொடுப்பான். அக்கா தாலியை நினைச்சாவது விடமாட்டாம்லா. தம்பிக்கு மச்சினன் உண்டுமா?"

"கல்யாணமே ஆகலியே அண்ணாச்சி," என்றான் வீரபாகு, அழாத குறையாக.

புரொபசர் காற்றுக்குழாய் பொருத்திய செம்புத் தொப்பியைத் தூக்கினார். வீரபாகு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டினான். தலையில் எதுவும் ஏறவில்லை. கையில்தான் ஒரு கயிறு வந்து விழுந்தது.

"நான் முங்குதேன். நீ காத்தடி," என்றார் புரொபசர்.

முந்தைய பயமே தேவலை என்றிருந்தது வீரபாகுவுக்கு. அக்கா புருஷனைக் காலேஜ் விஷயத்தில் 'சார்' என்றே கூப்பிட வேண்டும் என்ற உத்தரவும் மறந்துபோனது.

"கொஞ்சம் பொறுங்க அத்தான்," என்றவன், காலையில் சரியாக இருப்பதாகச் சத்தியம் செய்த பம்பு போல்ட்டுகளையெல்லாம் முதலிலிருந்து முடுக்கத் தொடங்கினான்.