பழுப்புத் தூள்

ஒலிப்பதிவாளர் பழைய டேப்பைச் சக்கரத்தில் மாட்டி ஓடவிடுகிறார். ஒரு மெட்டல் ராக் இசைக்குழுவின் வெளிவராத பாட்டுகளைத் தொகுக்கும் வேலையில் இந்த டேப் ஒன்றுதான் பாக்கி, பாடியவன் உயிரோடில்லை. மக்கிய டேப், ஒரு தடவைதான் ஓடும். ஓடும்போதே கணினியில் பதிவு செய்தால்தான் உண்டு. ஓட ஓட, ஒலி பதிந்த பூச்சு பழுப்புத் தூளாக உதிர்கிறது. அதைவிட்டு அவர் கண் நகர மறுக்கிறது. கிதார் உறுமுகிறது, அடிவயிற்றிலிருந்து கிளம்பும் அலறலில் கண்ணாடித் தடுப்பு அதிர்கிறது. பாடகனின் தங்கை நாற்காலி விளிம்பை இறுகப் பிடித்திருக்கிறாள். பாட்டு முடிந்ததும், அன்று சிறுமியாகப் பக்கத்தில் நின்ற அவளிடம் டேப்பில் அண்ணன் கேட்கிறான்: "என்ன குட்டி, பயந்துட்டியா?" கூடவே ஒரு சிரிப்பு. டேப் தீர்ந்து சக்கரம் வெறுமனே சுழல்கிறது. "சார், அந்தச் சிரிப்ப மட்டும் இன்னொரு தடவ போடுங்களேன்." இப்போதுதான் அவர் கணினிப் பக்கம் திரும்புகிறார். பதிவு விளக்கு எரியவே இல்லை. தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி காத்திருக்கிறாள்.