கல்லோ, பலகையோ

“கல்லுத்தான் இப்ப பாஷன் ஐயா. ஆனா வீட்டை விக்கிற எண்ணம் இருந்தால் கல்லை ஒட்டாதேங்கோ.”

கிறிஸ்துராஜா இப்படிச் சொன்னதும் வைத்தியநாதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். வீட்டின் வெளிச்சுவருக்கு ஒட்டுகிற கல்லும் பலகையும் விற்க வீடு வீடாக ஏறி இறங்குகிறவன், தான் கொண்டுவந்த சாமானையே வேண்டாம் என்கிறானே!

ஒரு மணித்தியாலத்துக்கு முன்தான் அவன் மணியை அடித்திருந்தான். லண்டன் எட்மண்டனில் அன்று காலையிலிருந்தே நவம்பர் மழை. சிவமலர் கதவைத் திறந்தபோது தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, கனத்த பையோடு நின்றான். பழக்கத்தில், பாடமாக்கி வைத்திருந்த ஆங்கிலத்திலேயே ஏதோ சொல்லத் தொடங்கினான். குளிரில் பல் அடித்துக்கொண்டதில் அது பாதியிலேயே நின்றுவிட்டது.

“தமிழோ தம்பி?”

“ஓம் அம்மா.”

“உள்ளுக்கை வாரும். நனையாதையும்.”

“இல்லை அம்மா... சும்மா வர அந்தரமாக் கிடக்கு.”

“சும்மா ஆர் கூப்பிட்டது? எங்கட சுவரும் ஊத்தை பிடிச்சுப்போய்க் கிடக்கு. மாத்தவேணுமெண்டு எத்தினை நாளாக் கதைக்கிறம்!”

உள்ளே பேப்பரும் கையுமாக இருந்த வைத்தியநாதன் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே ஓர் அதட்டுப் போட்டாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. முழங்கால் நோவென்று பெற்றோல் நிலைய வேலையை விட்ட நாளிலிருந்து, ஏழு மாதமாக, அவர் ஒன்றுமே சொல்வதில்லை. கேட்டால் ஓம், இல்லை. அதோடு சரி.

சிவமலர் ஹீற்றரை அவன் பக்கம் இழுத்துவிட்டாள். துவாய் கொடுத்தாள். இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வைத்தாள். வேண்டாம் வேண்டாம் என்றவன் பன்னிரண்டு இடியப்பம் சாப்பிட்டான். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, பையைத் திறந்து, மாதிரித் துண்டுகளைக் கம்பளத்தில் பரப்பினான். அப்போதுதான் அந்தக் கல்லுப் பேச்சு வந்தது.

“ஏன் ஒட்டக்கூடாது?” என்று கேட்டார் வைத்தியநாதன்.

“வாங்க வாறவன் முதலிலை றோட்டிலை நிண்டுதான் பாப்பான் ஐயா. பக்கத்து வீடுகளோடை ஒத்துப்போகாமல் இது மட்டும் துருத்திக்கொண்டு நிண்டால், கல்லைக் கழட்டுற செலவை நினைச்சே விலையைக் குறைப்பான்.”

“அப்ப வெள்ளைப் பலகையோ?”

“ஓம். பிளாஸ்ரிக்தானே, பெயின்ற் அடிக்கிற வேலை இல்லை. கழுவிவிட்டால் சரி.”

“தனி வெள்ளை கூடாது தம்பி. பஸ் புகை ஆறு மாதத்திலை பழுப்பாக்கிப்போடும். கிறீம் நிறத்தை எடும், பாப்பம்.”

தேநீர்க் கோப்பையோடு வந்த சிவமலர் வாசலிலேயே நின்றுவிட்டாள். இவரா பேசுகிறார்?

“கிறீமோ? பழுத்த பல்லு மாதிரி இருக்கும்” என்றாள், அவர் பேச்சை விட்டுவிடக்கூடாதே என்பதற்காக.

“நீர் சும்மா இரும். விக்கேக்கை தெரியும்!”

அவர் எழுந்துபோய் அளவுநாடாவைத் தேடி எடுத்தார். குடையை அவன் கையில் கொடுத்தார். சிவமலர் ஜன்னலால் பார்த்தாள். மழைக்குள் நின்று இவர் சுவரைக் காட்டிக் காட்டி ஏதோ விளக்க, அவன் குடையை அவருக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்தபடி தலையாட்டினான். உள்ளே வந்ததும் அவர் பேப்பரின் ஓரத்தில் வீட்டின் படத்தைக் கீறினார்.

“மேல் பாதிக்குப் பலகை. கீழ்ப் பாதிச் செங்கல் அப்பிடியே இருக்கட்டும். என்ன சொல்லுறீர்?”

“அதுதான் சரி ஐயா. முழுக்க மூடினால், உள்ளுக்கை வெடிப்பை மறைக்கினமோ எண்டு வாங்குறவை சந்தேகப்படுவினம்.”

“பாத்தீரோ!” என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தார் வைத்தியநாதன். அந்தச் சிரிப்பைக் கண்டு எவ்வளவு காலம்! சிவமலர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மழை விட்டது. கிறிஸ்துராஜா துண்டுகளைப் பையில் அடுக்கினான்.

“ஞாயிற்றுக்கிழமை வாரும் தம்பி. ஜன்னல் கரைக்கு என்ன நிறமெண்டு பாக்கவேணும்.”

“வாறன் ஐயா.”

சிவமலர் அவனை வழியனுப்புவதுபோல வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

“தம்பி, கோவியாதையும். இது எங்கட வீடில்லை, கவுன்சில் வாடகைக்குத் தந்த வீடு. ஒரு ஆணி அடிக்கிறதெண்டாலும் அவையளைக் கேக்கவேணும். நீர் நனைஞ்சுகொண்டு நிண்டீர், உள்ளுக்கை வரவும் மாட்டனெண்டீர். வாயிலை வந்ததைச் சொல்லிக் கூப்பிட்டுப்போட்டன். ஞாயிற்றுக்கிழமையும் வந்து மினக்கெடாதையும்.”

அவன் சிரித்தான்.

“தெரியும் அம்மா. இந்த றோட்டிலை எல்லாக் கதவும் ஒரே பச்சை. அப்பிடிக் கண்டால் கவுன்சில் வீடு, தட்டாதேங்கோ எண்டு முதல் நாளே கொம்பனியிலை எங்களுக்குச் சொல்லித் தந்தவை.”

“பின்னை ஏன் தட்டினனீர்?”

“நீங்கள் ஐயாவை ஏசிக்கொண்டிருந்தது றோட்டுக்குக் கேட்டுது” என்றான் அவன், பையைத் தோளில் கொழுவியபடி. “நான் இருக்கிற பக்கம் எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை அம்மா. தமிழிலை ஆரும் ஆரையும் ஏசிக் கேட்டு மூண்டு மாசம்.”